இயற்கையின் வரவு செலவு
(ஏற்காடு மலைக்கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்காவது தீர்மானமாக ஒரு யந்திரத்தைப் பற்றிய விஷயம் எழுதப்பட்டிருக்கிறது. ஓடையிலிருந்து விழும் நீரால் ஒரு சக்கரம் சுழலுமென்றும், அச்சக்கரம் ஒரு பம்பை இயக்குமென்றும், அப்பம்பு விழுந்த நீர் முழுவதையும் மீண்டும் மேலே ஏற்றிவிடுமென்றும், இவ்வளவும் போக மிகுந்த சக்தியில் ஊருக்கு விளக்கும் எரியுமென்றும் அதனை விற்க வந்தவர் கூறியதாக அறிகிறேன். அதற்கு முன்பணமாகச் சங்கத்தின் சேமநிதியிலிருந்து ஒரு தொகை கொடுக்கலாமா என்பது கேள்வி. அத்தீர்மானம் வாக்குக்கு விடப்படுமுன் இயற்கை விதிகளைப் பற்றிச் சிறிது பேசவேண்டுமென்று அக்கிராசனர் என்னைப் பணித்திருக்கிறார். நான் பெரிய விஞ்ஞானி அல்லேன். கணக்கு எழுதிப் பழகியவன். கணக்கு எழுதுகிறவனுடைய பேச்சாகவே இதைக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

காலையில் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். 20 கொண்டையூசி வளைவுகளில் பாதியைக் கடக்குமுன்பே காற்று குளிர்ந்துவிட்டது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “ஐயா, மேலே போகப்போகச் சூரியனுக்குக் கிட்டத்தில் அல்லவா போகிறோம்? சூடு ஏறவேண்டியதற்குக் குளிர் ஏன் ஏறுகிறது?” என்று கேட்டார். படித்தவர்கள் பலர் கேட்க வெட்கப்பட்டு விட்டுவிடும் நல்ல கேள்வி அது.

சூரியன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறான். ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர். ஆகவே இம்மலை ஏறியதனால் நாம் சூரியனை நெருங்கியது பத்துக் கோடியில் ஒரு பங்கு. பத்துக் கோடி ரூபாய்க் கடனில் ஒரு ரூபாய் கட்டியவன் கடன் தீர்ந்தது என்று சொல்லலாமா? அன்றியும், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத் தொடக்கத்தில். அது நீங்கள் கம்பளி போர்த்துக்கொண்டு அடுப்படியை விட்டு நகராத மார்கழி மாதம்!

காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் நேர் வெயிலன்று. வெயிலில் காய்ந்த தரையே காற்றைச் சூடாக்குகிறது. அடியில் சூடேறிய காற்று மேலே எழுகிறது. மேலே செல்லச் செல்லச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம் குறைவதால் அது விரிந்து இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது. சுற்றிலும் உள்ள காற்றைத் தள்ளி விலக்குவது ஒரு வேலை. அந்த வேலைக்குக் கூலி யார் கொடுப்பது? காற்று தன்னிடமுள்ள உஷ்ணத்திலிருந்தே கொடுக்கிறது, கொடுத்தபின் குளிர்ந்துபோகிறது. சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதும், வால்வைத் திறந்துவிட்டால் வெளிவரும் காற்று குளிர்ந்திருப்பதும் இதே கணக்கின் இரு பக்கங்கள். சராசரியாக 1,000 மீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி குறையும். சேலம் நகரம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இங்கு வருவதற்குள் ஏறக்குறைய 8 டிகிரி செலவாகிவிடுகிறது. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொணர்ந்ததும், இன்று நீங்கள் அதனால் பிழைப்பதும் காற்று எழுதிய இந்தச் செலவுக் கணக்கின் பயனே.

இன்னொரு விஷயம் தாய்மார்களுக்கு. மலை விறகில் சூடில்லை, கீழ்நாட்டு விறகில் சீக்கிரம் வெந்துவிடும் பருப்பு இங்கே வேகவில்லை என்று பலரும் கூறக் கேட்டிருக்கிறேன். பாவம், விறகின்மேல் பழி சுமத்துவது தவறு. நீர் கொதிப்பது அதன்மேல் உள்ள காற்றின் அமுக்கத்தைப் பொறுத்தது. கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கத் தொடங்கியபின் அடுப்பில் எத்தனை கட்டை செருகினாலும் திறந்த பானையிலுள்ள நீர் 95-க்கு மேல் சூடேறாது. அதிகப்படியான உஷ்ணம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் உஷ்ணத்தைப்போல் ஏழு மடங்கு அதனை முற்றும் ஆவியாக்கத் தேவை. ஆதலின் பருப்பு வேகவில்லையே என்று தீயைப் பெருக்குபவள் தலையில் சுமந்துவந்த விறகை வானத்துக்கு அனுப்புகிறாள். கொதி வந்தபின் தீயைத் தணித்து, மூடியிட்டு, பொறுமையாயிருத்தல் ஒரு வழி. ஆவியை அடக்கி அமுக்கத்தை ஏற்றும் குக்கர் மற்றொரு வழி. குக்கர் இயற்கை விதியை வெல்லவில்லை. அவ்விதிப்படியே நடந்து, உள்ளே சேலத்தைவிடத் தாழ்ந்த ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்கிறது.

இங்கே ‘விதி’ என்னும் சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். நம் குழப்பத்தில் பாதி இச்சொல்லில் இருக்கிறது. நம் வீடுகளில் விதி என்றால் தலையெழுத்து. சங்கத்தில் விதி என்றால் துணைவிதி; அதைப் பொதுக்குழு கூடித் திருத்தலாம். சர்க்கார் விதி என்றால் மீறியவனுக்குத் தண்டனை உண்டு. மேலதிகாரிக்கு மனுச் செய்தால் சில சமயம் விலக்கும் உண்டு. இயற்கை விதி இவற்றுள் எதுவுமன்று. அதை மீறியவன் ஒருவனும் இல்லை. ஆகையால் அதற்குத் தண்டனையும் இல்லை, விலக்கும் இல்லை. மரத்திலிருந்து விழுந்தவனைப் புவியீர்ப்பு தண்டித்தது என்று சொல்வது பொருந்தாது. ஆகாய விமானம் புவியீர்ப்பு விதியை மீறிப் பறக்கிறது என்று பள்ளி ஆசிரியர் ஒருவரே என்னிடம் சொன்னார். அது பறக்கும் ஒவ்வொரு விநாடியும் தன் எடை முழுவதையும் இறக்கைகளால் தாங்கிக்கொண்டே பறக்கிறது. அதற்காகவே எண்ணெய் எரிக்கிறது. எண்ணெய் தீர்ந்தபின் நடப்பதைப் பார்த்தால் விதி எங்கும் போய்விடவில்லை என்பது புலப்படும்.

அவ்விதிகளுள் இன்று நமக்கு வேண்டியது ஒன்றே. சக்தி புதிதாக உண்டாவதில்லை, அழிவதுமில்லை, ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேயர் என்னும் ஜெர்மானிய வைத்தியரும், ஜூல் என்னும் ஆங்கிலேயரும், வேறு சிலரும் இதனைத் தெளிவாக நிலைநாட்டினர். மேயர் ஜாவாத் தீவுக்குச் சென்ற கப்பலில் வைத்தியராயிருந்தபோது, 1840-இல், இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். ஜூல் எடைக்கற்களைக் கீழே இறங்கவிட்டு, அவற்றால் நீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று ஆண்டுக்கணக்காக அளந்தார். இறங்கிய எடையின் சக்தி உஷ்ணமாக அப்படியே வரவு வைக்கப்பட்டிருந்தது.

நம் கிளியூர் அருவியை எடுத்துக்கொள்வோம். ஏரி நிரம்பி வழியும் நீர் அங்கே சுமார் 300 அடி, அதாவது 90 மீட்டர், கீழே விழுகிறது. ஆயிரம் லிட்டர் நீர் அவ்வளவு தூரம் விழுந்தால் கிடைக்கும் சக்தி எவ்வளவு? மின்சாரக் கணக்கில் கால் யூனிட்டு. அவ்வளவே! அருவியின் முழக்கத்தைக் கேட்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆனால் பெருக்கிப் பார்த்தால் அதற்குமேல் வராது. யாரும் பயன்படுத்தாதபோது அந்தக் கால் யூனிட்டு எங்கே போகிறது? கீழேயுள்ள நீர் ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகிறது. கையை விட்டுப் பார்த்தால் தெரியாது. நல்ல வெப்பமானி காட்டும்.

அதே ஆயிரம் லிட்டரை மீண்டும் மேலே ஏற்ற எவ்வளவு வேண்டும்? அதே கால் யூனிட்டு, ஓர் அணுவும் குறையாமல். ஆனால் விழும் நீரின் சக்தியில் நூற்றுக்கு எண்பது பங்கை ஒரு சக்கரம் பிடித்தால் அது நல்ல சக்கரம். பெற்றதில் நூற்றுக்கு எழுபது பங்கை நீருக்குக் கொடுத்தால் அது நல்ல பம்பு. எண்பதில் எழுபது சதவிகிதம் ஐம்பத்தாறு. ஆயிரம் லிட்டர் விழுந்தால் 560 லிட்டர் மேலே ஏறும், அது விழுந்தால் 313 லிட்டர் ஏறும், அப்புறம் 175. சில சுற்றில் சக்கரம் நின்றுவிடும். ஊருக்கு விளக்கெரிக்க மீதி எங்கே? ரூபாய்க்கு ஐம்பத்தாறு காசு திரும்பிவரும் வியாபாரத்தில் லாபப் பங்கு கொடுப்பதாக ஒருவன் சொன்னால், இச்சங்கத்துப் பெரியவர்கள் அவனை வாசல்படி ஏறவிடமாட்டார்கள். யந்திரம் என்றவுடன் ஏன் அந்த எச்சரிக்கை நம்மை விட்டுப் போய்விடுகிறது?

எனக்கும் அது போயிற்று. இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஆயினும் சொல்லாவிட்டால் நான் பேச வந்தது வீண். என் இருபத்தெட்டாவது வயதில் சமவெளியில் ஒரு சிற்றூர்ச் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தேன். ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு கனமான சக்கரம், ஒரு மோட்டார், மின்சாரம் உண்டாக்கும் ஒரு டைனமோ. முதலில் சிறிது மின்சாரம் கொடுத்துச் சுழற்றிவிட்டால், டைனமோ மோட்டாரை ஓட்டும், மோட்டார் டைனமோவை ஓட்டும், பிறகு மின்வாரியத்துக்குக் கட்டணமே வேண்டாம் என்றார். எங்கள் கண்முன் ஒரு மணி நேரம் விளக்கு எரிந்தது. நான் கல்லூரியில் அந்த விதியைப் பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அதே கையால் முன்பணச் சீட்டில் கையெழுத்திட்டேன். பெட்டியின் அடித்தட்டுக்குள் பாட்டரி மறைந்திருந்ததைப் பின்னர் எங்கள் ஊர்க் கொல்லர் ஆணியைப் பிடுங்கிக் காட்டினார். விற்றவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். கிணற்று மோட்டாருக்குக் கடன் கேட்டிருந்த கைம்பெண் ஒருத்திக்கு அந்த ஆண்டு கொடுக்கச் சங்கத்தில் தொகையில்லை. அவளது கடலைப் பயிர் பூவோடு காய்ந்தது. அவள் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. சங்கக் கட்டடத்துக்கு எதிரில்தான் அவள் வீடு.

விளக்கு எரிந்ததை நாங்கள் பார்த்தோம். ஆனால் எரிவதற்கு எங்கிருந்து வரவு என்று கேட்கவில்லை. எங்கள் பிழை அதுவே. நான் படித்த விதி ஏட்டிலே இருந்தது. நான் எழுதிய கணக்குப் புத்தகம் மேஜைமேல் இருந்தது. இரண்டும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில் பாமரர், படித்தவர் என்ற வேற்றுமை இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியர் கணிதத்தில் உலகம் போற்றும் மேதை. அவரே தம் சித்தாந்த சிரோமணியில், ஆரைகளில் பாதரசம் நிரப்பினால் ஓயாமல் சுழலும் என்று ஒரு சக்கரத்தை விவரித்திருக்கிறார். ஐரோப்பாவிலும் இத்தகைய யந்திரங்கள் வந்து குவிந்தமையால், பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகத்தார் 1775-இல், ஓயாது தானே இயங்கும் யந்திரம் என்று எதைக் கொண்டுவந்தாலும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவு செய்தனர்.

நம் நாட்டில் 1996-இல் எழுந்த மூலிகைப் பெட்ரோல் ஆரவாரம் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். இராசபாளையம் பக்கத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர், நீரில் மூலிகை இலைகளையிட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் ஆகும் என்றார். பத்திரிகைகளிலெல்லாம் செய்தி வந்தது. பெரிய விஞ்ஞான ஸ்தாபனங்களிலும் சோதனை நடந்தது. பிற்பாடு நடந்த வழக்குக்குள் நான் புகவில்லை. அது நீதிமன்றத்தின் காரியம். நாம் நம் கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 600 கிராமுக்குமேல் கரிப்பொருள் இருக்கிறது. நீரில் கரிப்பொருள் சிறிதுமில்லை. ஒரு கைப்பிடி இலையில் சில கிராம் இருக்கலாம். மீதிக் கரி எங்கிருந்து வந்தது? இனிச் சக்தியைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 9 யூனிட்டு உஷ்ணம் தரும். நீர் என்பதோ ஹைட்ரஜன் வாயு எரிந்து மிஞ்சிய பொருள். அடுப்புச் சாம்பலைப்போல், எரிய வேண்டியது எரிந்து முடிந்தது. சாம்பலிலிருந்து மறுபடி விறகு செய்யலாம், மரம் செய்கிறது, ஆனால் அதற்கு வெயிலைச் செலவிடுகிறது. இக்கேள்விகளைச் சோதனைச்சாலை இல்லாமலே எந்தக் கிராமத்துக் கணக்கப்பிள்ளையும் கேட்டிருக்கலாம்.

“முடியாது முடியாது என்றதெல்லாம் இன்று முடிந்திருக்கிறதே; தந்தியில்லாமல் அமெரிக்காவோடு பேசுகிறோமே” என்று இளைஞர் ஒருவர் வாசலருகிலிருந்து கேட்கிறார். நியாயமான கேள்வி. தம்பி, உன் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியை இரவில் சுவரில் மாட்டாமல் விட்டால் மறுநாள் அது பேசுகிறதா? மனிதன் சாதித்த அதிசயங்கள் அனைத்தும் விலை கொடுத்து வாங்கியவை. ஒன்றாவது இலவசமாய்க் கிடைத்ததில்லை. முன்னோர் முடியாது என்றது திறமையைக் குறித்து. நான் சொல்வது கணக்கைக் குறித்து. கணக்குக்கே ஒருமுறை சோதனை வந்ததும் உண்டு. 1898-இல் கண்டுபிடிக்கப்பட்ட ரேடியம் என்னும் பொருள் எதையும் எரிக்காமல் இடைவிடாது உஷ்ணம் தருவது தெரிந்தபோது, அறிஞர்கள் திகைத்தனர். அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை; அளந்தனர். 1905-இல் ஐன்ஸ்டைன், பொருளின் நிறையும் சக்தியின் ஓர் இருப்பே என்று காட்டினார். பேரேட்டில் நாம் அறியாத ஒரு பக்கம் இருந்தது தெரியவந்தது, கூட்டல் தவறவில்லை.

இவ்வளவும் கேட்டு, எண்ணெயும் மின்சாரமும் இல்லாமல் நீரேற்றும் யந்திரம் எல்லாம் மோசடியே என்று நீங்கள் எண்ணிவிட்டால் நான் உங்களை வேறொரு தவற்றில் விட்டவனாவேன். ராம் பம்பு என்று ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்து மான்ட்கோல்ஃபியே என்பவர் 1796-இல் அமைத்தது. அதற்கு எரிபொருள் இல்லை. ஓடை நீர் ஒரு குழாயில் வேகமாக இறங்கும்போது ஒரு வால்வு படாரென்று மூடிக்கொள்கிறது, அந்த அதிர்ச்சியில் சிறிதளவு நீர் மற்றொரு குழாயில் மேலே ஏறுகிறது, வால்வு திறக்கிறது, மறுபடி மூடுகிறது. இரவும் பகலும் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இதன் கணக்கு நேர்மையானது. நூறு லிட்டர் நீர் 3 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 லிட்டரை 18 மீட்டர் உயரத்துக்கு அனுப்பலாம். மற்ற நீரெல்லாம் கீழேயே போய்விடும். பத்து லிட்டர் ஏறத் தொண்ணூறு லிட்டர் விலை கொடுக்கிறது. மேட்டுக்காட்டுக் காப்பி நாற்றுக்கும் வீட்டுக்கும் வேண்டிய நீர் அதனால் ஏறக்கூடும், ஓடையில் கோடையிலும் நீர் இருந்தால், இறக்கமும் போதுமானால்.

எனவே என் விண்ணப்பம் இது. நான்காவது தீர்மானத்தை இன்று வாக்குக்கு விடாமல் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவையுங்கள். யந்திரம் விற்பவர் வரும் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அவரை அவமதிக்க வேண்டாம், காப்பி கொடுங்கள். விழுகிற நீர் எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர், ஏறுகிற நீர் எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் என்று நான்கு எண்களை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பெருக்கிப் பார்க்க நம் பள்ளிப் பிள்ளைகளே போதும். யந்திரத்தை நேரில் காட்டுவதாகச் சொன்னால், இச்சங்க அறையில் வைத்து, தரையிலிருந்து தூக்கி நான்கு செங்கல்மேல் நிறுத்தி, அறையைப் பூட்டிச் சாவியை அக்கிராசனர் வைத்துக்கொண்டு, முப்பது நாள் விளக்கெரியட்டும். முன்பணம் அதற்குப் பிறகு.

இதற்கிடையில் நாம் சும்மா இருக்க வேண்டாம். பதினைந்து லிட்டர் தகரம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். ஓடை நீரை ஒரு குழாய் வழியே அதில் விட்டு, எத்தனை விநாடியில் நிரம்புகிறதென்று பார்த்தால் ஓடையின் வரவு தெரிந்துவிடும். இறக்கத்தை அளக்க ஒரு நீண்ட ரப்பர்க் குழாயும் இரு கோல்களும் போதும். நாளைக் காலை ஏழு மணிக்கு நான் போகிறேன். கடிகாரம் பார்க்க ஒருவரும், கோல் பிடிக்க இருவரும் வேண்டும். சற்றுமுன் கேள்வி கேட்ட தம்பி வந்தால் மிகவும் நல்லது. அவருடைய கைப்பேசியில் விநாடி காட்டும்.